கன்னம் வீங்கினால் எங்கே போவது: நாய்க்கும் அப்பாவுக்கும் பல் பார்த்த கிளினிக்குகள் பற்றி

இந்த வருடம் எங்கள் வீட்டில் பல்லுக்கு ஆன செலவு மளிகைக் கணக்கோடு போட்டி போடும் அளவுக்குப் போய்விட்டது. முதலில் நாய்க்கு, அப்புறம் அப்பாவுக்கு. இரண்டுமே பல் வேரில் சீழ் பிடித்த கேஸ். போன இடங்களில் சில நன்றாக இருந்தன, சில இடங்களில் காசும் நேரமும்தான் போனது. யார் பெயரையும் போடப் போவதில்லை. நல்லவர்கள் பெயரைப் போட்டால் காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறாள் என்பார்கள், மற்றவர்கள் பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும். நல்ல இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொன்னால் சென்னைக்கு வெளியே இருப்பவர்களுக்கும் உபயோகமாக இருக்கும் என்பதால் அதைத்தான் எழுதுகிறேன். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீக்கத்தைப் பார்த்ததும் ஆன்டிபயாடிக் எழுதி அனுப்புகிற இடத்துக்கு ஒரு ஸ்டார், எந்தப் பல்லில் இருந்து சீழ் வருகிறது என்று எக்ஸ்ரே எடுத்துக் காட்டி அந்தப் பல்லில் கை வைக்கிற இடத்துக்கு நாலரை ஸ்டார்.

மணி நாட்டு நாய், 7 வயது. ஒரு நாள் காலையில் வலது கண்ணுக்குக் கீழே பட்டாணி அளவுக்கு ஒரு வீக்கம். குளவி கொட்டியிருக்கும் என்றார்கள் வீட்டில். மறுநாள் அது நெல்லிக்காய் அளவு ஆனதும் பக்கத்துத் தெரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே கண்ணைப் பிரித்து டார்ச் அடித்துப் பார்த்தார்கள், கண்ணுக்குச் சொட்டு மருந்து, ஓர் ஊசி, ஐந்து நாளைக்கு மாத்திரை. வாயைத் திறந்து பார்க்கவே இல்லை. வீக்கம் அப்படியே வடிந்துவிட்டது, ஆகா நல்ல டாக்டர் என்று நான்கு பேரிடம் சொல்லியும் விட்டேன். சில வாரம் கழித்து அதே இடத்தில் மறுபடியும் வீங்கி, இந்த முறை உடைந்து, கண்ணுக்குக் கீழே சின்ன ஓட்டை விழுந்து ரத்தமும் சீழுமாக ஒழுகியது. திரும்பப் போனால் அதே ஊசி, அதே மாத்திரை, கூடவே "கண்ணீர்ப் பையில பிரச்சனை இருக்கலாம்" என்று ஒரு புதுச் சந்தேகம்.

நாய் வைத்திருக்கிற எல்லாரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். அதில் மேல்வரிசையில் பக்கவாட்டில் இருக்கும் பெரிய பல், இறைச்சியையும் எலும்பையும் கத்தரிக்கிற பல், அதற்கு மூன்று வேர்கள். அந்த வேர்களின் நுனி போய் நிற்கிற இடம் சரியாகக் கண்ணுக்குக் கீழே இருக்கும் எலும்பு. அதனால் அந்தப் பல் உடைந்து உள்ளே நரம்பு வரைக்கும் கிருமி போனால், சீழ் வாய்ப் பக்கம் வராமல் கன்னத் தோல் வழியாக வெளியே வர வழி தேடும். பார்ப்பவர்களுக்கு அது கண் நோய் மாதிரியோ, பூச்சிக் கடி மாதிரியோ, சண்டையில் பட்ட காயம் மாதிரியோ தெரியும். ஆன்டிபயாடிக் கொடுத்தால் வீக்கம் வடியும், ஏனென்றால் சுற்றியிருக்கும் சதையில் ரத்த ஓட்டம் இருக்கிறது, மருந்து அங்கே போகும். செத்துப்போன நரம்பு இருக்கிற பல்லின் உள்ளே ரத்த ஓட்டமே கிடையாது, அங்கே எந்த மாத்திரையும் போய்ச் சேராது. கிருமி அங்கேயே உட்கார்ந்திருக்கும், மாத்திரை முடிந்ததும் மறுபடி வெளியே வரும். கூரை ஒழுகும்போது தரையைத் துடைத்துக்கொண்டே இருக்கிற கதைதான்.

வீங்குவதற்கு முன்பே அறிகுறி இருந்ததா என்றால், யோசித்துப் பார்த்ததில் நிறைய இருந்தது. மணி சாப்பாட்டை விடவே இல்லை, அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பல்லில் சீழ் வைத்துக்கொண்டும் நாய் சாப்பிடும், பசி என்றால் விழுங்கிவிட்டுப் போகும். ஆனால் இடது பக்கமாகவே மெல்லுவது, பிஸ்கட்டைக் கீழே போட்டுவிட்டு மறுபடி எடுப்பது, கயிறு இழுத்து விளையாடுவதைத் தானாக நிறுத்தியது, வலது பக்கம் தலையைத் தடவப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வது, வாய் நாற்றம், இதெல்லாம் இருந்தது. இன்னொன்றும் கவனியுங்கள்: ஒரு பக்கப் பல்லில் மட்டும் காவி நிறத்தில் கறை கெட்டியாகப் படிந்து மறுபக்கம் சுத்தமாக இருந்தால், கறை இருக்கும் பக்கம் நாய் மெல்லவே இல்லை என்று அர்த்தம். நாய் அழாது, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மூலையில் உட்காராது. நம்ம ஆட்கள்தான் அதைச் செய்வார்கள், அதிலும் அப்பா மாதிரி சிலர் செய்ய மாட்டார்கள், அதற்கு அப்புறம் வருகிறேன்.

இரண்டாவதாகப் போன இடம் அண்ணா நகர் பக்கம், ஒரு தோழி சொல்லிப் போனது. அந்த டாக்டரம்மா மேசையில் ஏற்றியதும் முதலில் செய்தது மணியின் உதட்டைத் தூக்கிப் பார்த்தது. "கண்ணு நல்லாத்தான் இருக்கு மேடம். வாயை யாராவது பார்த்தாங்களா?" என்று கேட்டுவிட்டு, வலது மேல் பெரிய பல்லின் வெளிப்பக்கம் ஒரு சில்லு பெயர்ந்து போயிருந்ததை என் போனிலேயே படம் எடுத்துக் காட்டினார். நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி, அது நரம்பு இருந்த குழி. "எதைக் கடிக்கக் கொடுக்கறீங்க?" என்பதுதான் அடுத்த கேள்வி. பதிலைக் கடைசியில் சொல்கிறேன், அதற்குத் தனியாக ஒரு ஸ்டார் குறைக்க வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்தது அவசரப்படாதது. முதல் நாள் வலி மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கொடுத்து, ரத்தப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். கிட்னி, ஈரல் எல்லாம் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் மயக்க மருந்து கொடுக்க முடியாது என்று விளக்கினார்கள். நாய்க்குப் பல் வைத்தியம் என்றால் முழு மயக்கம்தான், வேறு வழி கிடையாது. நம்மைப் போல 'ஆ' காட்டிக்கொண்டு அது உட்காராது, வாய்க்குள் எக்ஸ்ரே பிலிமை வைக்கவும் முடியாது. தொண்டையில் குழாய் போட்டுத்தான் செய்வார்கள், இல்லையென்றால் பல் கழுவுகிற தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். மயக்கம் இல்லாமலே பல் சுத்தம் செய்து தருகிறோம் என்று விளம்பரம் செய்கிற இடங்கள் இருக்கின்றன. அங்கே கண்ணுக்குத் தெரிகிற கறையைச் சுரண்டிப் பல்லை வெள்ளையாக்கித் தருவார்கள். ஈறுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, வெள்ளையாக இருக்கிற பல்லுக்கு அடியில் சீழ் பாட்டுக்கு இருக்கும். அந்த மாதிரி இடத்துக்கு நான் இலவசம் என்றாலும் போக மாட்டேன்.

எக்ஸ்ரேயில் வேர் நுனியைச் சுற்றி எலும்பு கரைந்து கறுப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. இரண்டு வழி சொன்னார்கள். ரூட் கேனல், அதாவது வேரின் உள்ளே சுத்தம் செய்து அடைப்பது, அதைச் செய்து பல்லைக் காப்பாற்றலாம், நாய்க்கும் அது உண்டு, போலீஸ் நாய் மாதிரி கடித்துப் பிடித்து வேலை செய்கிற நாய்களின் கோரைப் பல்லுக்குச் செய்வார்கள். ஆனால் அதற்கென்று பழகிய ஆள் வேண்டும், மூன்று வேரையும் சுத்தம் செய்ய வேண்டும், பின்னால் மறுபடியும் மயக்கம் கொடுத்து எக்ஸ்ரே எடுத்து ஆறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் பிடுங்கிவிடலாம். வீட்டு நாய், தயிர் சாதம் சாப்பிடுகிற நாய், அதுவும் எங்கள் கேசில் வெடிப்பு ஈறுக்குக் கீழே வரைக்கும் போயிருந்ததால் பிடுங்குவது என்று முடிவு செய்தோம்.

பிடுங்குவது என்றால் குறடு போட்டு இழுப்பது இல்லை. மூன்று வேர் மூன்று திசையில் போவதால், ஈறை அறுத்து விலக்கி, பல்லை மூன்று துண்டாக வெட்டி, ஒவ்வொரு வேரையும் தனித்தனியாக நெம்பி எடுத்து, குழியைச் சுத்தம் செய்து, ஈறை இழுத்து மூடித் தையல் போடுகிறார்கள். தையல் தானாகவே கரைந்துவிடும். முடிந்ததும் மறுபடி ஓர் எக்ஸ்ரே எடுத்து, வேர்த் துண்டு எதுவும் உள்ளே தங்கவில்லை என்று எனக்குக் காட்டினார்கள். இந்தக் கடைசி எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்குங்கள். துண்டு வேர் உள்ளே தங்கினால் அதே சீழ் அதே இடத்தில் திரும்ப வரும்.

சாயங்காலமே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். கழுத்தில் அந்த லாம்ப்ஷேட் மாதிரி காலர், அதைப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்த எல்லாக் கதவிலும் இடித்தான். இரண்டு வாரத்துக்குக் குழைத்த சாதமும் வேகவைத்த கோழியும்தான், கெட்டியாக எதுவும் கூடாது, கயிறு விளையாட்டும் கூடாது. கண்ணுக்குக் கீழே இருந்த ஓட்டை தானாகவே மூடிக்கொண்டது, அதற்குத் தனியாக எந்த மருந்தும் போடவில்லை. சீழ் வருகிற ஊற்று போனதும் வழியும் தூர்ந்துவிட்டது. இப்போது இரண்டு பக்கமும் மெல்லுகிறான், அந்தப் பல் இல்லாதது அவனுக்குத் தெரியவே இல்லை.

குறையும் சொல்ல வேண்டும். ரத்தப் பரிசோதனை, மயக்கம், எக்ஸ்ரே, ஆபரேஷன், மருந்து எல்லாம் சேர்த்து 20,000 ரூபாயை ஒட்டி ஆனது. அதில் எது எதற்கு எவ்வளவு என்று பில்லில் பிரித்துப் போடவில்லை, கேட்டபோது முன் மேசையில் இருந்த பெண் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். காத்திருக்கிற ஹாலில் பூனையும் நாயும் ஒன்றாக உட்கார வேண்டும், மணி அங்கே நடந்துகொண்ட விதத்துக்கு ஒரு பாரசீகப் பூனையின் சொந்தக்காரரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. வண்டி நிறுத்த இடம் கிடையாது. இதற்கெல்லாம் அரை ஸ்டார் குறைக்கிறேன், வைத்தியத்துக்கு ஒன்றும் குறைக்க முடியாது.

இவ்வளவு செலவு முடியாது என்பவர்களுக்குச் சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. 1903ல் தொடங்கிய கல்லூரி, ஊர் முழுக்க உள்ள டாக்டர்கள் பாதிப் பேர் அங்கே படித்தவர்களாகத்தான் இருப்பார்கள். மாணவர்கள் பயிலும் இடம் என்பதால் கூட்டம் இருக்கும், பொறுமை வேண்டும். நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி பக்கம் இருப்பவர்களுக்கும் கால்நடைக் கல்லூரி உண்டு.

இப்போது அப்பா. 70 வயதைத் தாண்டியவர், சுகர் இருக்கிறது, டாக்டர் என்றாலே ஒரு மாதிரி. மேல் கடைவாய்ப் பல்லில் ரொம்ப நாளாகச் சொத்தை. சூடான காபி குடித்தால் சுரீர் என்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார், அப்புறம் ராத்திரி படுத்தால் விண் விண் என்று தெறிக்கிறது என்றார். படுத்தால் வலி கூடுவதற்குக் காரணம் தலைக்கு ரத்த ஓட்டம் கூடுவதுதான், பல்லுக்குள் இருக்கிற நரம்பு வீங்குவதற்கு இடம் இல்லாமல் நசுங்குகிறது. தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் பல்லுவலி என்று சொன்னால் ஒரு கவரில் மூன்று விதமான மாத்திரை போட்டுத் தருவார்கள், அதை வாங்கிப் போட்டுக்கொண்டார். அடுத்த சில நாளில் வலி நின்றுவிட்டது.

"வலியே இல்லம்மா, எதுக்கு டாக்டர்கிட்ட போய்க் காசக் கொட்டணும்?" என்றார். அந்த இடத்தில்தான் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பல்லுக்குள் இருக்கிற நரம்பு செத்துப்போனால் வலி நின்றுவிடும். நோய் போனதாக அர்த்தம் இல்லை, சொல்வதற்கு நரம்பு இல்லை, அவ்வளவுதான். கிருமி வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கி அங்கே சீழ் சேரும். அப்போது வருகிற வலி வேறு மாதிரி இருக்கும். குளிர்ச்சியும் சூடும் ஒன்றும் செய்யாது, ஆனால் அந்தப் பல்லால் கடித்தால் உயிர் போகும், அந்தப் பல் மட்டும் மற்றதை விட உயரமாக நிற்பது போலத் தோன்றும். ஈறில் சின்னக் கொப்புளம் மாதிரி வந்து உடைந்து உப்புக்கரிக்கிற மாதிரி ஏதோ வாயில் ஊறும், உடைந்ததும் வலி குறையும். அப்பா அதையும் "தானே உடைஞ்சு போயிடுச்சு, நல்லதுதான்" என்று கணக்கில் எழுதிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கன்னம் வீங்கி, கண்ணின் கீழ் இமை வரைக்கும் உப்பி, காய்ச்சலோடு எழுந்தார். சுகர் பார்த்தால் வழக்கத்தை விட மிக அதிகம். உடம்பில் எங்கே சீழ் இருந்தாலும் சுகர் ஏறும், சுகர் ஏறினால் சீழ் ஆறாது, ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டே போகும்.

அப்புறம் எதிர் வீட்டு மாமா வந்தார். "மேல் பல்லைப் பிடுங்கிடாதீங்க சார், கண்ணு போயிடும், எங்க பெரியப்பாவுக்கு அப்படித்தான் ஆச்சு." இதைக் கேட்காத தமிழ் வீடு இருக்காது என்று நினைக்கிறேன். பார்வைக்குப் போகிற நரம்பு வேறு, பல்லுக்குப் போகிற நரம்பு வேறு, மேல் பல்லைப் பிடுங்கிப் பார்வை போவது இல்லை. சொல்லப்போனால் நிஜம் அதற்குத் தலைகீழ். மேல் பல்லில் சீழை அப்படியே வைத்திருந்தால்தான் அது முகத்து ரத்தக் குழாய் வழியாகக் கண்ணுக்குப் பின்னாலும் மூளைக்கும் போகிற ஆபத்து உண்டு, அபூர்வம்தான் என்றாலும் உண்டு. மணியின் எக்ஸ்ரேயைப் போனில் வைத்திருந்தேன், அதை மாமாவிடம் காட்டினேன். நாய்க்குப் பல் டாக்டரா என்று அதில் ஆச்சரியப்பட்டுப் போய்விட்டார், கண் விஷயம் மறந்துவிட்டது.

ஞாயிறு திறந்திருந்த ஒரு கிளினிக்கில், பெரிய கண்ணாடிக் கதவு, உள்ளே அழகான சோபா, வீக்கம் இருக்கும்போது பல்லைத் தொடக்கூடாது, ஐந்து நாள் மாத்திரை சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லி எக்ஸ்ரே கூட எடுக்காமல் அனுப்பினார்கள். ஒரு ஸ்டார், அதுவும் சோபாவுக்கு. வீக்கம் இருக்கும்போது தொடக்கூடாது என்பது பழைய பேச்சு. சீழ் எங்கே தேங்கியிருக்கிறதோ அதை வெளியேற்றுவதுதான் முதல் வைத்தியம், முடிந்தால் அன்றைக்கே. அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் 2019ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் இதுதான் இருக்கிறது: பல்லுக்குள் செய்ய வேண்டிய வைத்தியத்தை உடனே செய்ய முடிந்தால், பெரும்பாலான பல்வலிக்கும் வேர்ச் சீழுக்கும் ஆன்டிபயாடிக் தேவையே இல்லை. காய்ச்சல், பரவுகிற வீக்கம் என்று உடம்பு முழுக்கத் தெரிந்தால் மட்டும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

மறுநாள் போன இடம் மாடியில் ஒரே ஓர் அறை, ஒரே ஒரு நாற்காலி, டாக்டரும் ஒரு உதவியாளரும் மட்டும். முதலில் சுகர் எவ்வளவு, என்னென்ன மாத்திரை, ரத்தம் இளக்குகிற மாத்திரை உண்டா, எதற்காவது அலர்ஜியா என்று எழுதிக்கொண்டார். அப்பா ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர், பல்லுக்காக நானாக நிறுத்தட்டுமா என்று கேட்டார். "நீங்களா நிறுத்தாதீங்க ஐயா, ஒரு பல்லுக்கு அது தேவையில்லை" என்றார் டாக்டர். பல் பார்க்கிற கண்ணாடியின் பின்முனையால் ஒவ்வொரு பல்லாகத் தட்டினார், சரியான பல்லில் தட்டியதும் அப்பா நாற்காலியில் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். ஆர்.வி.ஜி. என்கிற சின்ன டிஜிட்டல் எக்ஸ்ரே, உடனே திரையில் வருகிறது. மணிக்குப் பார்த்த அதே கறுப்பு வட்டம் வேர் நுனியில். அப்பாவிடம் காட்டினார், அப்பா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு "நம்ம மணிக்கு இதவிடப் பெருசு" என்றார்.

ஒரு விஷயத்தை டாக்டர் முன்கூட்டியே சொன்னது பிடித்தது. சீழ் பிடித்த இடம் அமிலமாக இருப்பதால் மரத்துப்போகிற ஊசி அங்கே சரியாக வேலை செய்யாது, அதனால் கொஞ்சம் தள்ளி நரம்பு வருகிற இடத்தில் போடுகிறேன், அப்படியும் லேசாக வலிக்கலாம், கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவேன். அப்பா இரண்டு முறை கையைத் தூக்கினார், இரண்டு முறையும் நிறுத்தினார். இது பெரிய விஷயமாகத் தெரியாது, நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். பல்லின் மேல் ஓட்டை போட்டதும் சீழ் வெளியே வந்தது, அந்த நாற்றம் எனக்கு வாசல் வரைக்கும் வந்தது, அப்பா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஈறில் சின்னதாகக் கீறியும் வடித்தார். காய்ச்சல் இருந்ததால் அமாக்ஸிசிலின் என்கிற ஆன்டிபயாடிக்கும் எழுதினார், மூன்று நாளில் போன் செய்து எப்படி இருக்கிறது என்று அவரே கேட்டார்.

அதற்கப்புறம் வழக்கமான ரூட் கேனல். ரப்பர் ஷீட் ஒன்றைப் பல்லைச் சுற்றி மாட்டிக்கொண்டுதான் செய்தார், எச்சில் உள்ளே போகாது, மருந்து தொண்டைக்குள் போகாது. அதைப் போடுகிற டாக்டர் என்றால் நம்பிப் போகலாம் என்பது என் கணக்கு. மெல்லிய ஊசி மாதிரியான ஃபைலால் வேரைத் துழாவிச் சுத்தம் செய்து, கிருமி கொல்லும் திரவத்தால் கழுவி, கால்சியம் மருந்து வைத்துத் தற்காலிகமாக மூடி, ஆறிய பிறகு வேரை ரப்பர் மாதிரியான பொருளால் நிரப்பி, கடைசியில் கேப். மொத்தம் 12,000 ரூபாய்க்குள் முடிந்தது. கேப் விஷயத்தில் மட்டும் பல் நிறத்தில் வருகிற ஜிர்கோனியாதான் நல்லது என்று கொஞ்சம் அழுத்திச் சொன்னார். கடைவாய்ப் பல்லை யார் பார்க்கப் போகிறார்கள் என்று அப்பா கேட்டதும் உலோகக் கேப்புக்கே ஒத்துக்கொண்டார், முகம் சுளிக்கவில்லை. அந்த அழுத்தத்துக்கும், லிஃப்ட் இல்லாத மாடிக்கும் அரை ஸ்டார் குறைவு.

காசு பிரச்சனை என்றால் சென்னையில் கோட்டை ரயில் நிலையம் பக்கத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 1953ல் தொடங்கியது. பயிற்சி மாணவர்கள் செய்வார்கள், மேலே பேராசிரியர்கள் பார்ப்பார்கள், நேரம் நிறைய ஆகும். என் சித்தி அங்கேதான் பல் கட்டிக்கொண்டார், குறை சொன்னதில்லை.

பல் கிளினிக் எதையும் தேடாமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டிய கட்டமும் உண்டு. கீழ்க் கடைவாய்ப் பல் சீழ் தாடைக்கு அடியிலும் நாக்குக்கு அடியிலும் பரவினால் நாக்கு மேலே தள்ளப்பட்டு மூச்சுக்குழாயே அடைபடும். 1836ல் லுட்விக் என்கிற ஜெர்மன் டாக்டர் விவரித்ததால் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிற வியாதி அது, இன்றைக்கும் ஆளைக் கொல்லும். எச்சிலை விழுங்க முடியவில்லை, வாயை இரண்டு விரல் அளவுக்குக் கூடத் திறக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது, மூச்சு வாங்குகிறது, தாடைக்கு அடியில் மரக்கட்டை மாதிரி இறுகியிருக்கிறது, கண் மூடிக்கொள்ளும் அளவு வீக்கம், இதில் ஒன்று இருந்தாலும் ராத்திரி என்று பார்க்காதீர்கள். நாய்க்கு ஒரு கண் மட்டும் வெளியே பிதுங்கி, வாயைத் திறக்க முயன்றாலே கத்தினால், கண்ணுக்குப் பின்னால் சீழ் சேர்ந்திருக்கலாம், அதுவும் அன்றைக்கே போக வேண்டிய கேஸ்.

வீட்டில் கைவசம் இருக்கிறதை நாய்க்குக் கொடுக்காதீர்கள், இதைப் பெரிய எழுத்தில் போட முடிந்தால் போடுவேன். அப்பாவின் மெடிக்கல் ஷாப் கவரில் இருந்த வலி மாத்திரைகளான டைக்ளோஃபெனாக்கும் ஐபுப்ரோஃபெனும் நாயின் குடலில் புண் உண்டாக்கி, கிட்னியைக் கெடுத்துவிடும். பாராசிட்டமாலும் ஈரலைக் கெடுக்கும், பூனைக்கு அது விஷமே. டைக்ளோஃபெனாக்கை மாட்டுக்குப் போட்டு, செத்த மாட்டைத் தின்ற கழுகு இனமே அழிகிற நிலைக்கு வந்து, 2006ல் இந்தியாவில் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள், அவ்வளவு நல்ல பெயர் எடுத்த மருந்து. கிராம்பு எண்ணெயும் நாய்க்கு வேண்டாம். மனிதர்களுக்குக் கிராம்பு எண்ணெய் அன்றிரவு தூங்க உதவும், உப்புத் தண்ணீர் கொப்பளிப்பதும் நல்லது. நம்முடைய டூத் பேஸ்ட்டை நாய்க்குத் தேய்க்கவே கூடாது, சிலவற்றில் சைலிட்டால் என்கிற இனிப்பு இருக்கும், அது நாயின் சர்க்கரையைத் தடாலென்று இறக்கிவிடும்.

சரி, மணியின் பல் உடைந்த கதை. ஒரு பெட் ஷாப்பில் 'இயற்கையானது, பல்லைச் சுத்தமாக்கும், மாதக்கணக்கில் வரும்' என்று சொல்லி விற்ற எருமைக் கொம்புத் துண்டு. மாதக்கணக்கில் வந்தது உண்மை, பல்தான் வரவில்லை. அதற்கு ஸ்டார் எதுவும் இல்லை. அந்த டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த சோதனை: கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விழவில்லையென்றால் நாய்க்குக் கடிக்கக் கொடுக்காதே. கொம்பு, குளம்பு, கெட்டி நைலான் எலும்பு, ஐஸ் கட்டி, கறிக்கடை தொடை எலும்பு எல்லாமே இதில் தோற்றுப்போகும். நாய்க்கான கோழிச் சுவை பேஸ்ட்டும், விரலில் மாட்டுகிற சிலிகான் பிரஷும் வாங்கினேன். பேஸ்ட்டுக்கு நாலு ஸ்டார், மணி அதைப் பிரஷோடு சேர்த்துச் சாப்பிடப் பார்க்கிறான். சிலிகான் பிரஷுக்கு இரண்டு, ஈறு ஓரத்தில் அது போகவே மாட்டேன் என்கிறது, குழந்தைகளுக்கான மென்மையான பிரஷ்தான் வேலை செய்கிறது. தண்ணீரில் கலக்குகிற மருந்து வாங்கியும் பார்த்தேன், வாய் வாசனை கொஞ்சம் மாறியது, கறையில் ஒரு மாற்றமும் தெரியவில்லை.

போவதற்கு முன் போன் செய்து கேளுங்கள்: நாய்க் கிளினிக் என்றால் வாய்க்குள் வைத்து எடுக்கிற பல் எக்ஸ்ரே இருக்கிறதா, மயக்கத்தின் போது இதயத் துடிப்பைப் பார்க்கத் தனி ஆள் இருப்பாரா. மனிதர்களுக்கு என்றால், வீக்கத்தோடு வந்தால் அன்றைக்கே சீழ் வடிப்பீர்களா. மூன்றாவது கேள்விக்கு "முதல்ல மாத்திரை சாப்பிட்டு வாங்க" என்று பதில் வந்தால் வேறு நம்பரை எடுங்கள். அப்புறம், இரண்டு இடத்திலுமே சனிக்கிழமை சாயங்காலம் போகாதீர்கள், கூட்டத்தில் யாருடைய எக்ஸ்ரே யாருடையது என்று அவர்களுக்கே குழப்பம் வருகிறது.